கத்தரியக்காவின் கட்டைவிரல்

கத்தரியக்காவின் வலது கட்டைவிரலைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எதுலயாவது நசுங்கிடுச்சா?" என்பதுதான். நசுங்கவில்லை. அந்த ஒரு விரலில் இரண்டு காய்ப்புகள். மூட்டின் மேல் இருப்பது கத்தரிக்கோல் போட்டது. நகத்துக்குப் பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு மஞ்சளாகத் திரண்டிருப்பது கிளாரினெட் போட்டது. "ஒண்ணு வயித்துக்கு, இன்னொண்ணு காதுக்கு" என்று அவளே விளக்கம் சொல்வாள். சொல்லிவிட்டு, கேட்டவர் நம்பினாரா என்று முகத்தைப் பார்ப்பாள்.

அவள் வேலை பார்ப்பது திரைச்சீலைத் துணிக்கடையில். ஆளுயரத் துணி உருளையைத் தோளில் தூக்கிவந்து நீள மேசையில் உருட்டிவிடுவாள். மேசை விளிம்பில் அறைந்திருக்கும் பித்தளை அளவுகோலோடு இழுத்துப் பிடித்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒரே ஓட்டமாகக் கத்தரித்துவிடுவாள். நடுவில் கத்தரி நிற்காது, கோடு கோணாது. அதனால் வந்தது அந்தப் பட்டப்பெயர். கடைக்கு வருகிறவர்கள் முதலாளி சும்மா நின்றாலும் "அக்கா வரட்டும்" என்று காத்திருப்பார்கள். முதலாளிக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் காட்டிக்கொள்வதில்லை.

கிளாரினெட் அவளிடம் வந்து சேர்ந்தது அந்தத் துணிக்கடையின் வழியாகத்தான். ஊரில் ஒரு காற்றிசைக் குழு இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடியில் அவர்களுடைய கூடம். ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போனவள், அளவு நாடாவை வைக்க இடம் தேடி, அலமாரிமேல் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியை நகர்த்தினாள். நகர்த்தியவள் சும்மா இருந்திருக்கலாம். திறந்து பார்த்தாள்.

"இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. வாசிச்சவரு வேற ஊருக்குப் போயிட்டாரு" என்றார் குழுவை நடத்துகிற லிப்ட்காரர். பகலில் ஊரிலுள்ள லிப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். மாலையில் கையில் ஒரு குச்சியோடு குழுவின் முன்னால் நிற்பார். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே கவலைதான், யாராவது நடுவில் மாட்டிக்கொள்வார்களோ என்பது.

அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. குழுவில் மற்ற எல்லாரும் பால்பல் விழுந்த வயதில் ஊத ஆரம்பித்தவர்கள். அவள் வீட்டில் ஊதிப் பழகிய முதல் மாதம், மேல்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயில் ஏதோ கோளாறு என்று ஆள் கூப்பிட்டார். வந்தவர் எல்லாக் குழாயையும் தட்டிப் பார்த்துவிட்டு, "குழாய் நல்லாத்தான் இருக்கு, கீழ்வீட்டுலதான் என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? அடுத்த ஆண்டே இரண்டாவது கிளாரினெட் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கிளாரினெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒல்லியாக, கறுப்பாக, சாதுவாக இருக்கும். ஆனால் அதன் பாரம் முழுவதும் வலது கட்டைவிரலில்தான் இறங்கும். பின்பக்கம் ஒரு சின்ன உலோகக் கொக்கி உண்டு. அதற்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்க வேண்டும். மற்ற ஒன்பது விரல்களும் ஆடும், ஓடும், பெயர் வாங்கும். இந்த ஒன்று மட்டும் ஒரு சத்தமும் எழுப்பாமல் சுமந்துகொண்டே நிற்கும். முதலில் சிவக்கும், பிறகு கொப்பளிக்கும், கடைசியில் தோல் தடித்துக் காய்ப்பாகும். காய்த்த பிறகுதான் நிம்மதி.

அந்தக் காய்ப்பைக் கண்டால் ஆகாத ஒரே ஆள் அவள் கணவர். ஊரில் அவரைப் பாதக்காரர் என்பார்கள். கால் ஆணி, பித்தவெடிப்பு, சதைக்குள் வளர்ந்த நகம் எல்லாம் அவர் கையில் சரியாகும். வீட்டின் முன்னறைதான் அவருடைய வேலையிடம். வந்தவர் உட்கார ஓர் உயரமான நாற்காலி, அவர் உட்கார முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டூல், வெந்நீர்த் தொட்டி, வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு. தெருவில் எதிரே வருபவரை அவர் செருப்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார், முகமெல்லாம் அப்புறம்தான்.

"ஊர்ல இருக்கிற காய்ப்பையெல்லாம் நான் எடுக்கிறேன். என் வீட்டுக்குள்ளயே ஒண்ணு வளருது. பார்க்கிறவங்க என்னைத்தானே சிரிப்பாங்க" என்பார்.

"கால் உங்களது, கை என்னது. எல்லை தாண்டாதீங்க" என்பாள் கத்தரியக்கா. இந்த ஒப்பந்தம் பல வருஷம் மீறப்படாமல் இருந்தது.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது பாதக்காரர் சாதாரணமாகக் கேட்டார், "எல்லாம் நல்லா இருந்துச்சு. இதுல உன் சத்தம் எது?" உண்மையில் அவளுக்கே தெரியாது. மூன்று கிளாரினெட், இரண்டு புல்லாங்குழல், முதுகுக்குப் பின்னால் பித்தளை வாத்தியங்களின் கூட்டம். அதற்குள் அவள் ஊதுவது குளத்தில் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீர். அன்றிலிருந்து ஒரே ஓர் ஆசைதான். ஒரு தடவையாவது மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க, தன் சத்தம் மட்டும் தனியாக, கடைசி வரிசைவரைக்கும் கேட்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. நகர மன்றத்தில் நடக்கும் ஆண்டு நிகழ்ச்சிக்கு லிப்ட்காரர் புதிதாக ஒரு பாட்டை எடுத்திருந்தார். அதில் நடுவிலும் கடைசியிலும் கிளாரினெட்டுக்குத் தனிவாசிப்பு வருகிறது. தனிவாசிப்பு என்றால் வழக்கமாக முதல் கிளாரினெட் வாசிக்கும் பல் டாக்டரம்மாவுக்குத்தான் போகும். ஆனால் இந்தப் பாட்டு மெதுவானது, கீழ்ச்சுரங்களிலேயே புழங்குவது.

"மேல போறதுன்னா டாக்டரம்மா. கீழ இறங்குறதுன்னா அக்காதான்" என்று லிப்ட்காரர் தாளை அவளிடம் நீட்டினார். "தனிவாசிப்பு எப்பவும் போல நின்னுக்கிட்டுதான்."

கரும்பு தின்னக் கூலியா கேட்பாள்? கடையில் துணி வெட்டும்போதும் வாய் முணுமுணுத்தது. வேலை முடிந்து வந்ததும் கிளாரினெட்டை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும்வரை கீழே வைக்கமாட்டாள். வாசிக்க வாசிக்கக் காய்ப்பும் தடித்தது. ஒரு நாள் அது நடுவில் பிளந்துகொண்டது. கொக்கி அந்தப் பிளவில் போய் உட்காரும்போதெல்லாம் ஊசி குத்தியது போல வலித்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிளாரினெட் ஊத முடியாது என்பது மூன்றாவது நாள் தெரிந்தது.

முன்னறைக்குப் போய் அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "வெடிப்பை மட்டும் சரி பண்ணுங்க. பார்த்துப் பண்ணுங்க."

பாதக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இத்தனை வருஷம் எட்ட நின்று பார்த்துப் பெருமூச்சு விட்ட காய்ப்பு, தானாக வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தார். விளக்கை இழுத்துக்கொண்டார். இருப்பதிலேயே சன்னமான கத்தியை எடுத்து, வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக எடுத்தார். வேலை கையில் ஓட ஓட அவருக்குத் தன்னை மறந்துபோயிற்று. கத்தரியக்காவும் அன்று முழுவதும் நின்ற அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தபோது காய்ப்பு இருந்த இடமே தெரியவில்லை. ரோஜா நிறத்தில், வழவழவென்று, பிறந்த குழந்தையின் குதிகால் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் அதைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார்.

"அம்மா எப்படி சம்மதிச்சாங்க?" என்று மகளிடமிருந்து பதில் வந்தது.

"தொழில் தெரிஞ்சவன்கிட்ட எல்லாரும் ஒரு நாள் வந்துதான் ஆகணும்" என்று அவர் எழுதினார். இந்த வாக்கியத்தை மகள் இன்றுவரை அவரை மறக்கவிடவில்லை.

மறுநாள் ஒத்திகை. கத்தரியக்கா எழுந்து நின்றாள், கிளாரினெட்டைத் தூக்கினாள், ஊதினாள். முதல் வரி தேன். இரண்டாவது வரியில் கட்டைவிரல் சூடான வாணலியில் பட்டதுபோல எரிந்தது. மூன்றாவது வரி வரவில்லை. கிளாரினெட் கையிலிருந்து வழுக்கி இறங்க, இரண்டு முழங்காலையும் சேர்த்து இடுக்கிப் பிடித்தாள். கூடத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து பல் டாக்டரம்மா எழுந்துவந்தார். "விரலைக் காட்டுங்க. யார் செஞ்சது இதை?"

"என் வீட்டுக்காரர்."

"ரொம்ப சுத்தமான வேலை" என்றார் டாக்டரம்மா. "பல்லு மேல இருக்கிற எனாமலைச் சுரண்டி எடுத்துட்டு, பாருங்க எவ்வளவு சுத்தமா இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு."

லிப்ட்காரர் குச்சியைக் கீழே வைத்தார். அவர் பயந்ததுதான் நடந்துவிட்டது, ஆள் நடுவில் மாட்டிக்கொண்டாயிற்று. "ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை ஒத்திகையில உங்களால முழுசா வாசிக்க முடியலைன்னா டாக்டரம்மாதான் வாசிக்கணும். வேற வழி இல்லக்கா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பாதக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாத்தானே எடுத்தேன்" என்றார்.

"நல்லா எடுத்ததுதான் தப்பு. கொஞ்சம் மோசமா எடுத்திருந்தா வாசிச்சிருப்பேன்."

தன் தொழிலில் அவர் செய்ததிலேயே சிறந்த வேலை மனைவியின் தலையில் விழுந்த கல்லாகிவிட்டது. சாப்பிடாமல் முன்னறைக்குப் போய் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார். பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். கால் ஆணிக்கு ஒட்டும் கம்பளி வளையத்தை விரலில் ஒட்டிப் பார்த்தார்கள். எரிச்சல் குறைந்தது, ஆனால் விரல் தடித்துப்போனதால் சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. கிளாரினெட் பழகும் சின்னப் பிள்ளைகள் பாரம் தெரியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டையைக் குழுவிடமிருந்து வாங்கிவந்தாள். அது கிளாரினெட்டை மேலே இழுத்து இழுத்து விட்டதில் ஊதுவாய் உதட்டில் ஒரு நிலையாக நிற்கவில்லை. பழகினால் சரியாகலாம். பழக நாள் இல்லை. வளையத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதில் விரல்கள் எட்டின. ஆனால் பாதிப் பாட்டு தாங்கிய விரல் மீதிப் பாட்டுக்கு ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் பாதக்காரர் தன் ஸ்டூலைத் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி கிளாரினெட்டின் அகன்ற அடிவாயைத் தாங்கினார். "இப்ப வாசி. பாரம் என்கிட்ட இருக்கட்டும்."

வாசித்தாள். விரலில் பாரமே இல்லை. முழுப் பாட்டும் வந்தது, கடைசிச் சுரத்தைத் தவிர. அது எல்லாவற்றிலும் கீழான சுரம், அடிவாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே அவருடைய உள்ளங்கை அடைத்துக்கொண்டிருந்தது. சளி பிடித்த எருமை கனைத்ததுபோல ஒன்று வந்தது. அவள் காலால் அவர் பாதத்தில் ஒரு மிதி மிதித்தாள். அவர் கையைத் தளர்த்தி, விளிம்பை மட்டும் விரல் நுனிகளால் பிடித்தார். சுரம் அறை முழுக்க நிறைந்தது.

"கை குறுகுறுங்குது" என்றார் அவர் ஆச்சரியமாக. "ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி குறுகுறுங்குது."

அப்படித்தான் அந்த வாரம் போயிற்று. சுரம் எது தாளம் எது என்று ஒரு மண்ணும் தெரியாத மனிதர், உள்ளங்கையால் அந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணிவிட்டார். எங்கே கையை மூடலாம், எங்கே திறக்க வேண்டும் என்று மிதி வாங்காமலே தெரிந்துகொண்டார்.

"மேடையிலயும் நானே வந்து பிடிச்சுக்கிறேனே" என்று அவர் சொன்னது அந்த வாரத்தில் செய்த இரண்டாவது தப்பு.

கத்தரியக்கா கிளாரினெட்டை மடியில் வைத்தாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தனியா நின்னு வாசிக்கணும்னு கேட்டேன். அதுக்கும் காலடியில ஒரு ஆள் உக்காந்திருக்கணுமா? ஊரே சிரிக்கும். சத்தம் யாரோடதுன்னு கேக்க மாட்டாங்க, கீழ உக்காந்திருக்கிறது யாருன்னுதான் கேப்பாங்க."

அவருக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னது புரிந்தது. "சரி" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை, பாதி வளையத்தோடு ஒத்திகைக்குப் போனாள். நடுவில் வரும் தனிவாசிப்பு ஒழுங்காக வந்தது. கடைசித் தனிவாசிப்பில் விரல் எரிந்தாலும் எப்படியோ கரை சேர்ந்தாள். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. லிப்ட்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"அவங்களே வாசிக்கட்டும்" என்றார் பல் டாக்டரம்மா. "நான் பக்கத்துலதானே இருக்கேன். நடுவுல நின்னு போச்சுன்னா நான் எடுத்துக்கிறேன்." இதை அன்பாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா என்று கத்தரியக்காவுக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சொல்தான் அவளை மேடை ஏற்றியது.

ஞாயிற்றுக்கிழமை நகர மன்றம் நிரம்பியிருந்தது. துணிக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். பாதக்காரர் பார்வையாளர் வரிசையில் உட்காரவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்கு அந்தப்பக்கம் நின்றார். கையில் ஸ்டூல்.

"இது எதுக்கு?" என்றாள் அவள்.

"நிக்க முடியல, உக்கார" என்றார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு அன்றைக்கென்று கால் வலி வந்துவிட்டது. அவள் ஸ்டூலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மேடைக்குப் போனாள்.

பாட்டு தொடங்கியது. நடுவில் அவளுடைய முறை வந்ததும் எழுந்து நின்றாள். மற்ற எல்லா வாத்தியமும் அடங்கியது. அவள் சத்தம் தனியாகப் புறப்பட்டு மன்றத்தின் கடைசிவரை போனது. போவது அவளுக்கே கேட்டது. இத்தனை வருஷமாக எங்கே இருந்தாய் என்று அதைப் பார்த்துக் கேட்க வேண்டும்போல இருந்தது. விரல் எரிந்தது, எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பகுதி முடிந்து, கிளாரினெட்டுகள் தவிர மொத்தக் குழுவும் மறுபடி சேர்ந்துகொண்டது.

நின்றபடியே விரலைப் பார்த்தாள். வளையம் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. மறுபடி கொக்கியில் கொடுத்துப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த விரலை நம்பி அந்தக் கடைசிப் பகுதிக்குள் போக முடியாது. ஒரு பக்கம் பல் டாக்டரம்மா தன் கிளாரினெட்டை மெல்ல உதட்டுக்குக் கொண்டுபோனார். மறுபக்கம் திரை ஓரத்தில் பாதக்காரர். அவர் ஸ்டூலில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தார். கூப்பிடாமல் வரக்கூடாது என்று தன்னைத்தானே கட்டிப்போட்டவர்போல நின்றார்.

கத்தரியக்கா டாக்டரம்மாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, வாங்க என்று தலையை அசைத்தாள்.

அவர் குனிந்துகொண்டே வந்தார், யார் கண்ணிலும் படாமல் வந்துவிடலாம் என்ற நினைப்பில். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மனிதர் ஸ்டூலோடு பதுங்கிப் பதுங்கி வருவதைவிட எல்லார் கண்ணிலும் படக்கூடியது வேறொன்றும் இல்லை. மன்றத்தில் சிரிப்பு கிளம்பியது. துணிக்கடை முதலாளியின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. லிப்ட்காரருக்குக் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு தாளத்தைப் பிடித்தது. பாதக்காரர் அவள் காலடியில் ஸ்டூலைப் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை நீட்டினார். குழு அடங்கியது.

அவள் ஊதினாள். முதல் இரண்டு சுரத்துக்குச் சிரிப்பு ஓரங்களில் மிச்சமிருந்தது. பிறகு இல்லை. பாரம் இறங்கிய விரல்கள் இறங்க வேண்டிய இடத்துக்கெல்லாம் இறங்கின. கடைசிச் சுரம் வந்தபோது அவர் உள்ளங்கை தானாக விலகி, விளிம்பை மட்டும் விரல் நுனியில் ஏந்தியது. அந்தச் சுரத்தை அவள் மூச்சு உள்ளவரை பிடித்தாள். அது ஓய்ந்ததும் கைதட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். எழுந்து ஓடப் பார்த்த பாதக்காரரைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி, அவரையும் கும்பிட வைத்தாள்.

உள்ளே வந்ததும் பல் டாக்டரம்மா சொன்னார், "ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லுவா. உங்களுக்கு நிஜமாவே கூடம் கோணல். ஆடிட்டீங்க."

வீட்டுக்கு நடந்து போகும்போது பாதக்காரர் ஸ்டூலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார். தெருமுனையில் நின்றார்.

"மனசுல வச்சுக்காத. தனியா வாசிக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்ட. காய்ப்பையும் எடுத்தேன், மேடையிலயும் வந்து உக்காந்துட்டேன்."

கத்தரியக்காவும் நின்றாள்.

"கூட்டத்துல யாருக்காவது உங்க சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"என் சத்தம்?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்குத் தோள் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப நான் தனியாத்தான் வாசிச்சேன்" என்றாள். "நீங்க தூக்கிப் பிடிச்சீங்க, அவ்வளவுதான்."